குண்டின் கீழே யார் இருந்தார்கள்?

பள்ளிக்கூடத்தில் ஹிரோஷிமா நமக்கு ஒரு மதிப்பெண் கேள்வியாகத்தான் அறிமுகமானது. குண்டின் பெயர்? லிட்டில் பாய். அதைச் சுமந்த விமானம்? எனோலா கே. நாள்? 1945 ஆகஸ்ட் 6. எழுதினோம், மதிப்பெண் வாங்கினோம். எனோலா கே என்பது அந்த விமானியின் அம்மா பெயர் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். குண்டு விழுந்த இடத்தில் இருந்த அம்மாக்களைப் பற்றி வினாத்தாளில் எதுவும் கேட்டதாக நினைவில்லை.

ஜப்பான் மீது அமெரிக்கா அணுகுண்டு போட்டது சரியா தப்பா என்ற பேச்சு எப்போது எழுந்தாலும் இரண்டே நிமிடத்தில் அது கணக்காக மாறிவிடும். "போடாமல் விட்டிருந்தால் இன்னும் எத்தனை லட்சம் பேர் செத்திருப்பார்கள் தெரியுமா?" என்று ஒருவர் கேட்பார். பதில் சொல்ல நினைப்பவரிடமும் இன்னொரு எண்ணிக்கைதான் இருக்கும். இந்தக் கணக்கை ஒதுக்கிவிட முடியாது, அதற்கும் வருவோம். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய எளிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் குண்டு யாரைக் குறிவைத்தது?

திங்கட்கிழமை காலை

அன்று காலை 7:09க்கு ஹிரோஷிமாவில் அபாயச் சங்கு ஊதியது. வந்தது வானிலை பார்க்கும் ஒற்றை அமெரிக்க விமானம். அது போனதும் 7:31க்கு ஆபத்து நீங்கியதாக அறிவித்தார்கள். பதுங்கியிருந்தவர்கள் வெளியே வந்து அவரவர் வேலையைப் பார்க்கக் கிளம்பினார்கள்.

வேலைக்குப் போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் பள்ளிப் பிள்ளைகள், பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதினர். ஜப்பானிய நகரங்களில் வீடுகள் மரத்தால் ஆனவை. குண்டு விழுந்து ஒரு வீடு பிடித்துக்கொண்டால் தெருவே எரியும். அதனால் வரிசையாக வீடுகளை இடித்து, தீ தாண்ட முடியாதபடி நடுவே வெற்றிடம் விடுவார்கள். இடித்த மரங்களையும் ஓடுகளையும் அள்ளும் வேலை மாணவர்களுடையது. அன்று நகரின் நடுப்பகுதியில், கூரையில்லாத வெளியில் அவர்கள் நின்றிருந்தார்கள். அந்த மாணவர்களில் இறந்தவர்கள் மட்டும் சுமார் 6,000 பேர்.

8:15க்குக் குண்டு வெடித்தது. குறி, நகரின் மையத்தில் 'டி' எழுத்து வடிவில் இருந்த அயோய் பாலம். குண்டு சற்று விலகி, ஒரு மருத்துவமனைக்கு நேர் மேலே, சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அவ்வளவு உயரத்தில் வெடிக்கவைத்தது திட்டமிட்டுத்தான். தரையில் வெடித்தால் பள்ளம் விழும், சக்தியில் பெரும்பங்கு மண்ணுக்குள் போய்விடும். உயரத்தில் வெடித்தால்தான் அழுத்த அலை பரந்து போய் வீடுகளைச் சாய்க்கும்.

அறிவியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யுரேனிய அணுக்கரு பிளக்கும்போது ஆற்றலோடு சில நியூட்ரான்களும் வெளிவரும். அவை பக்கத்து அணுக்களைப் பிளக்கும், அவை அடுத்தவற்றை. கண் இமைப்பதற்குள் இந்தத் தொடர்வினை முடிந்துவிடும். லிட்டில் பாய் குண்டில் இருந்த யுரேனியம் ஏறக்குறைய 64 கிலோ. அதில் உண்மையில் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. அதிலும் ஆற்றலாக மாறிய நிறை ஒரு கிராம்கூட இல்லை. நகைக்கடையில் கிடைக்கும் ஒரு கிராம் தங்கக்காசைவிடக் குறைவு. வெளிப்பட்ட சக்தியோ சுமார் 15,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம்.

அது மூன்று விதமாகக் கொன்றது. முதலில் வெப்பம். நேர் கீழே தரையின் வெப்பநிலை 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. சுமார் 260 மீட்டர் தள்ளி ஒரு வங்கியின் கல்படியில், திறக்கட்டும் என்று யாரோ உட்கார்ந்திருந்தார். சுற்றியிருந்த கல் வெளுத்துப்போக, அவர் இருந்த இடம் மட்டும் நிழலாகத் தங்கிவிட்டது. அடுத்து அழுத்த அலை. வீடுகள் சரிந்து ஆட்கள் உயிரோடு அடியில் சிக்கினார்கள். அடுப்புகளிலிருந்தும் வெப்பத்திலிருந்தும் பிடித்த தீ ஒன்றாகக் கூடி நகரையே சுற்றிக்கொண்டபோது, சிக்கியவர்களை விட்டுவிட்டு ஓடுவதைத் தவிர வேறு வழியில்லாமல் போனவர்கள் ஏராளம். பிழைத்தவர்களின் நினைவுகளில் இதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. தோல் உரிந்தவர்கள் தண்ணீர் கேட்டார்கள். தீக்காயம் பட்டவருக்குத் தண்ணீர் கொடுத்தால் செத்துப்போவார் என்ற நம்பிக்கையால் பலர் கொடுக்கவில்லை. கேட்டவர்கள் எப்படியும் இறந்தார்கள். கொடுத்திருக்கலாமே என்ற உறுத்தலோடு எழுபது வருடம் வாழ்ந்து முடித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் ஒரு டிபன் பாக்ஸ் இருக்கிறது. வீடு இடிக்கும் வேலைக்குப் போன ஒரு மாணவனுடையது. உள்ளே இருக்கும் சோறு அப்படியே கரியாகிவிட்டது. மகனைத் தேடிப் போன அம்மா, அவன் உடலோடு அதைக் கண்டெடுத்தார்.

காயமில்லாமல் இறந்தவர்கள்

மூன்றாவது விதம் கதிர்வீச்சு. அதுதான் அந்த ஊர் மருத்துவர்களைத் திகைக்கவைத்தது. (மருத்துவர்கள் என்று சொல்கிறேனே தவிர, நகரின் மருத்துவர்களிலும் செவிலியர்களிலும் சுமார் தொண்ணூறு சதவீதம் பேர் அன்றே இறந்தார்கள் அல்லது காயம்பட்டார்கள்.) உடம்பில் கீறல்கூட இல்லாமல் தப்பியவர்களுக்கு, ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தலைமுடி கொத்தாக உதிர்ந்தது. ஈறில் ரத்தம் கசிந்தது, தோலில் ஊதாநிறப் புள்ளிகள் தோன்றின, காய்ச்சல் வந்தது, இறந்தார்கள். கதிர்வீச்சு எலும்பு மஜ்ஜையை அழித்துவிட்டதால் உடலில் புதிய ரத்த அணுக்கள் உருவாகவில்லை. இதெல்லாம் அப்போது அந்த ஊரில் பெரும்பாலோருக்குத் தெரியாது. வெடித்த சிறிது நேரத்தில் கரியும் கதிரியக்கத் தூசும் கலந்து கறுப்பு மழை பெய்தது. தாகத்தில் தவித்தவர்கள் வாயைத் திறந்து அதைக் குடித்தார்கள்.

செப்டம்பர் தொடக்கத்தில் வில்பிரட் பர்செட் என்ற ஆஸ்திரேலியச் செய்தியாளர் தனியாக ஹிரோஷிமா போய், மக்கள் இனம்புரியாத நோயால் செத்துக்கொண்டிருப்பதை எழுதினார். அமெரிக்க அதிகாரிகள் மறுத்தார்கள். அணுகுண்டுத் திட்டத்தின் தலைவர் ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸ், அந்த நவம்பரில் அமெரிக்கச் செனட் குழுவின் முன், கதிர்வீச்சால் சாவது மிகவும் இதமான சாவு என்று சொல்லப்படுவதாகச் சாட்சியம் அளித்தார். இந்த வாக்கியத்தை எப்போது படித்தாலும் அந்த ஊதாப் புள்ளிகள்தான் எனக்கு ஞாபகம் வருகின்றன.

ஆகஸ்ட் 9 அன்று இரண்டாவது குண்டு. அது கொகுரா நகருக்கானது. மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. 11:02க்கு, கத்தோலிக்கர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த உரகாமி பள்ளத்தாக்கின் மேல் வெடித்தது. அங்கிருந்த தேவாலயம் இடிந்தது. ஒரு ஊர் பிழைத்ததற்கும் இன்னொரு ஊர் அழிந்ததற்கும் நடுவே இருந்தது மேகமும் புகையும் மட்டும்தான்.

1945 முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறக்குறைய 1,40,000 பேரும் நாகசாகியில் 70,000 பேருக்கு மேலும் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். எண்ணிக்கை துல்லியமாக இல்லாததற்குக் காரணம், பதிவேடுகள் எரிந்ததோடு, காணோம் என்று சொல்லவும் ஆளில்லாமல் குடும்பம் குடும்பமாக அழிந்ததுதான். இறந்தவர்களில் கொரியர்கள் பல்லாயிரம் பேர். அவர்களில் பலர் ஜப்பான் கட்டாயமாக வேலைக்குக் கொண்டுவந்தவர்கள். ஹிரோஷிமாவில் கைதிகளாக இருந்த அமெரிக்க வீரர்கள் பன்னிரண்டு பேரும் செத்தார்கள்.

பிழைத்தவர்களை ஜப்பானில் 'ஹிபாகுஷா' என்பார்கள். சில வருடத்தில் அவர்களிடையே ரத்தப் புற்றுநோய் கூடியது, பிறகு மற்ற புற்றுநோய்கள். குண்டு விழுந்தபோது இரண்டு வயதாக இருந்த சடாகோ சசாகி ரத்தப் புற்றுநோயில் 1955இல் இறந்தாள். காகிதக் கொக்கு மடித்த அந்தச் சிறுமியை நமக்கும் தெரியும். தெரியாத பக்கமும் இருக்கிறது. ஹிபாகுஷா குடும்பத்தில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் அஞ்சினார்கள், பிறக்கும் பிள்ளை ஊனமாகிவிடும் என்று. கருவிலேயே கதிர்வீச்சுக்கு ஆளான சில குழந்தைகள் சிறுத்த தலையோடு பிறந்தது உண்மை. ஆனால் பிழைத்தவர்களுக்குப் பின்னாளில் பிறந்த பிள்ளைகளிடம் பரம்பரைக் கோளாறு கூடியதற்கான தெளிவான அடையாளம், பல பத்தாண்டு ஆய்வுக்குப் பிறகும் இதுவரை கிடைக்கவில்லை. ஊரின் பயம் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பலர் ஹிபாகுஷா என்பதை மறைத்தே வாழ்ந்தார்கள். 1947இல் அமெரிக்கா அமைத்த ஆய்வு ஆணையமோ அவர்களைப் பரிசோதித்தது, குறிப்பெடுத்தது, சிகிச்சை தரவில்லை. எங்களை வைத்துச் சோதனை செய்கிறார்கள் என்ற கசப்பு வெகுகாலம் இருந்தது.

கணக்கும் அதன் ஓட்டையும்

சரி, இப்போது அந்தக் கணக்குக்கு வருவோம். குண்டு போட்டதை ஆதரிப்பவர்கள் சொல்வது இதுதான். ஜப்பான் சரணடைய மறுத்தது. ஓக்கினாவா தீவுப் போரில் மட்டும் 12,000க்கு மேற்பட்ட அமெரிக்கர்களும், அதைப்போலப் பல மடங்கு ஜப்பானிய வீரர்களும், சுமார் ஒரு லட்சம் பொதுமக்களும் இறந்தார்கள். நவம்பரில் ஜப்பானின் கியூஷு தீவில் அமெரிக்கப் படை இறங்கியிருந்தால் சாவு இன்னும் பெருகியிருக்கும். குண்டு அதைத் தவிர்த்தது.

இது வெறும் சாக்கு இல்லை. ஜப்பானிய ராணுவத்தின் பிடியில் இருந்த ஆசியாவுக்குப் போரின் ஒவ்வொரு மாதமும் சாவு மாதம்தான். சயாம்–பர்மா ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் காலராவிலும் பசியிலும் மாண்டார்கள். அங்கே மிஞ்சியவர்களுக்கு விடுதலை கிடைத்தது ஜப்பான் சரணடைந்தபோதுதான். அவர்கள் பேரப்பிள்ளைகளிடம் போய் ஹிரோஷிமாவுக்காக மட்டும் அழுங்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனாலும் அந்தக் கணக்கில் சில ஓட்டைகள் உண்டு. போரை முடித்தது குண்டு மட்டும்தானா? ஆகஸ்ட் 9 அன்று சோவியத் ஒன்றியம் ஜப்பான் பிடித்துவைத்திருந்த சீனப் பகுதியான மஞ்சூரியாவுக்குள் நுழைந்தது. அதே நாளில் கூடிய ஜப்பானின் உச்சப் போர்க்குழு, நாகசாகிச் செய்தி வந்த பிறகும் மூன்றுக்கு மூன்று என்று பிளந்தே நின்றது, பேரரசர்தான் முடிவெடுத்தார். ஆகஸ்ட் 15இல் மக்களுக்குப் பேசியபோது கொடிய புதிய குண்டைக் காரணம் சொன்னார். இரண்டு நாள் கழித்துப் படையினருக்கு விடுத்த ஆணையில் குண்டைப் பற்றிப் பேச்சே இல்லை, சோவியத் நுழைந்ததைச் சொன்னார். எது உண்மைக் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாம் அதில் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை.

கணக்கே சரி என்று வைத்துக்கொண்டாலும் அறக்கேள்வி தீராது. அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன வேறுபாடு தெரிய வேண்டும்.

எதிரிப் படை கடக்கும் பாலத்தைத் தகர்க்கிறார்கள். பாலத்துக்கடியில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் இறந்துபோகிறார். இன்னொரு ஊரில் சந்தை நாளில் சந்தைக்குள்ளேயே குண்டு போடுகிறார்கள், இத்தனை பிணங்களைப் பார்த்தால் எதிரி பயந்து பணிவான் என்று. இரண்டிலும் செத்தவர் அப்பாவிதான். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். அந்த அப்பாவிகள் அன்று அங்கே வராமலே இருந்திருந்தால் திட்டம் பலித்திருக்குமா? பாலத்தில் பலித்திருக்கும், இன்னும் நல்லபடியாக. சந்தையில் பலித்திருக்காது. அங்கே அவர்களின் சாவுதான் ஆயுதம். முதல் வகையையும் போர்ச் சட்டம் கண்ணை மூடிக்கொண்டு அனுமதிப்பதில்லை, ராணுவப் பலனுக்கு மீறிய சாவு கூடாது என்கிறது. இரண்டாவது வகையை அடியோடு தடுக்கிறது.

ஹிரோஷிமா பாலமா, சந்தையா?

பாலம் என்று வாதிட இடமுண்டு. அங்கே ஜப்பானின் இரண்டாம் பொதுப்படைத் தலைமையகம் இருந்தது, உஜினா துறைமுகத்திலிருந்து படைகள் கப்பலேறின. படைவீரர்களும் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். ஆனால் குறியாக வைத்தது துறைமுகத்தை இல்லை, நகரின் நடுவை. அணுகுண்டு பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்ல அமைத்த அமெரிக்க இடைக்காலக் குழு மே 31 அன்று கூடியபோது எழுதிய குறிப்பு இன்னும் தெளிவானது. பொதுமக்கள் பகுதியை மட்டும் குறிவைக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. கூடவே, கூடுமானவரை அதிகமான மக்களின் மனதில் ஆழமான அதிர்ச்சி பதிய வேண்டும் என்றும் இருக்கிறது. அதற்கு ஏற்ற இலக்கு எது? ஏராளமான தொழிலாளர்கள் வேலை செய்கிற, தொழிலாளர் வீடுகள் நெருக்கமாகச் சூழ்ந்திருக்கிற ஒரு முக்கியமான போர்த் தொழிற்சாலை. வீடுகள் அந்த வாக்கியத்துக்குள் எதற்கு வந்தன என்று யோசித்துப் பாருங்கள்.

ஆளில்லாத இடத்தில் வெடித்துக் காட்டலாமே என்ற யோசனையும் வந்தது. அணுகுண்டுத் திட்டத்திலேயே இருந்த, ஜேம்ஸ் ஃபிராங்க் தலைமையிலான சிகாகோ விஞ்ஞானிகள் ஜூன் மாதம் அதை எழுதியே கொடுத்தார்கள். ஒப்பன்ஹைமர், ஃபெர்மி உள்ளிட்ட அறிவியல் குழு, அப்படிக் காட்டுவதால் போர் முடியும் என்று தோன்றவில்லை என்று பதில் சொன்னது. அவர்கள் சொன்னது நடைமுறையில் சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் சந்தைக் கேள்விக்கு அதுவே விடையாகிவிடுகிறது. ஆட்கள் இல்லாவிட்டால் திட்டம் பலிக்காது.

அந்தக் காலத்தை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதனால் அந்தக் காலத்து அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். போர் தொடங்கிய 1939 செப்டம்பர் 1 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், பொதுமக்கள் மீது வானிலிருந்து குண்டு போடுவதில்லை என்று உறுதி தருமாறு போரிடும் நாடுகளைக் கேட்டுக்கொண்டார். அது மனிதத்தன்மையற்ற காட்டுமிராண்டித்தனம் என்றார். அப்புறம் நடந்தது நமக்குத் தெரியும். ஜெர்மனி ராட்டர்டாமையும் லண்டனையும் எரித்தது, நேச நாடுகள் ஹாம்பர்க்கையும் டிரெஸ்டனையும் எரித்தன. 1945 மார்ச்சில் டோக்கியோவில் ஒரே இரவில் தீக்குண்டுகளால் சுமார் ஒரு லட்சம் பேர் செத்தார்கள். ஆறே வருடத்தில் காட்டுமிராண்டித்தனம் வழக்கமாகிப் போனது. அணுகுண்டு வந்தபோது அதை எங்கே போடுவது என்பதில்தான் பேச்சு அதிகம் இருந்தது. போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன், பண்பாட்டுத் தலைநகர் என்பதால் கியோட்டோவைப் பட்டியலிலிருந்து பிடிவாதமாக நீக்கவைத்தார். பிறகுதான் நாகசாகி பட்டியலில் ஏறியது.

போருக்குப் பின்னால் சட்டமும் தயங்கித் தயங்கித்தான் நடந்திருக்கிறது. ஹிபாகுஷாக்கள் தொடுத்த வழக்கில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 1963இல் இரண்டு தாக்குதல்களுமே பன்னாட்டுச் சட்டத்துக்கு முரணானவை என்றது, இழப்பீடு தரவில்லை. 1996இல் பன்னாட்டு நீதிமன்றம், அணு ஆயுதம் பயன்படுத்துவது பொதுவாகப் போர்ச் சட்டத்துக்கு எதிரானது என்றது. ஒரு நாடு அழியும் நிலையில் தற்காப்புக்காக என்றால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று ஒரு கதவைத் திறந்தும் வைத்தது. 2017இல் 122 நாடுகள் வாக்களித்து உருவான அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூட அதில் சேரவில்லை, இந்தியாவும்தான். ஜப்பானும் சேரவில்லை என்பதுதான் விசித்திரம். ஹிபாகுஷாக்களின் அமைப்பான நிஹோன் ஹிதான்க்யோவுக்கு 2024இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தபோது அவர்கள் தங்கள் அரசிடமே அதில் சேரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக ரூஸ்வெல்ட்டுக்குப் பின் அதிபரான ஹாரி ட்ரூமனைப் பற்றி. 1945 ஜூலை 25 அன்று அவர் தன் நாட்குறிப்பில் எழுதினார்: ராணுவ இலக்குகள் மீதும் படைவீரர்கள் மீதும்தான் குண்டு போட வேண்டும், பெண்கள் குழந்தைகள் மீது கூடாது என்று ஸ்டிம்சனிடம் சொல்லியிருக்கிறேன். அதே தேதியிட்ட ராணுவ ஆணையில் இலக்குகளாக ஹிரோஷிமா, கொகுரா, நிகாட்டா, நாகசாகி என்று ஊர்ப் பெயர்கள் மட்டும் இருந்தன. அடுத்த குண்டுகள் தயாராகத் தயாராகப் போடலாம் என்றும் இருந்தது.

நாகசாகி எரிந்த மறுநாள், ஆகஸ்ட் 10, தன் அனுமதி இல்லாமல் இனி ஒரு குண்டும் போடக் கூடாது என்று ட்ரூமன் நிறுத்தினார். அன்றைய அமைச்சரவைக் கூட்டத்தில் இருந்த ஹென்றி வாலஸ் தன் நாட்குறிப்பில் காரணத்தைக் குறித்துவைத்திருக்கிறார். இன்னும் ஒரு லட்சம் பேரை அழிப்பதை நினைக்கவே ட்ரூமனுக்கு முடியவில்லையாம். அத்தனை குழந்தைகளைக் கொல்வது அவருக்குப் பிடிக்கவில்லையாம்.